பின் சக்கரத்தில் முப்பத்தாறு

அத்தியாயம் 3

போலீஸ் ஸ்டேஷன் கொல்லையில் அந்த ஸ்போர்ட்ஸ் பைக் ஒருக்களித்து நின்றது. சிவப்பு நிறம். வலது பக்கம் முழுக்க உரிந்து வெள்ளை பிளாஸ்டிக் தெரிந்தது. வலது கைப்பிடி மதகுச் சுவரில் மோதி உள்பக்கமாக மடங்கியிருந்தது.

சம்பந்தம் அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வெகு நேரமாகப் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், நீங்க டயரைப் பாக்குறீங்களா, டயர் உங்களைப் பாக்குதா?" என்றாள் உமாமகேஸ்வரி. அவனுடைய உதவியாளர். சுரக்குடிக்காரி. அவளுடைய ஸ்கூட்டரில்தான் இருவரும் வந்திருந்தார்கள். சம்பந்தத்துக்கு வண்டி ஓட்ட வராது.

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் சொல்றதுக்கு விஷயம் இருக்கு."

"அது நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்."

துப்பறியும் தொழிலுக்கு வருமுன் சம்பந்தம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தான். மனிதர்கள் பொய் சொல்வதை அங்கேயே அலுக்கும்வரை கேட்டாயிற்று. அதனால் முதலில் வண்டியிடம் பேசுவது பழக்கம்.

இந்த வழக்கில் பேச மனிதர்களும் அதிகம் இல்லை.

பைக்கின் சொந்தக்காரன் தௌஹீத், வெள்ளிக்கிழமை காலை மண்டபத்தூர் கடற்கரைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். பாதி வழியில், ஒரு வளைவில், பைக் அவனை வலது பக்கமாகப் போட்டுத் தேய்த்துக்கொண்டு போய் மதகில் மோதியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் கண் திறந்து பேசவில்லை.

அவனுடைய வாப்பா அப்துல் லத்தீப் துபாயில் டிரைவராக இருந்து திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமை அவர் கொடுத்த புகாரின்மேல் கபீரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். கபீர் தருமபுரத்தில் டயர் கடை வைத்திருப்பவன். தௌஹீதின் நண்பன். கபீரின் தங்கை ஆஃப்ரினுக்கும் தௌஹீதுக்கும் பேசி வைத்திருந்த நிக்காஹை லத்தீப் போன மாதம் முறித்தார். கபீர் நடுத்தெருவில் நின்று, "இதுக்கு நீங்க அனுபவிப்பீங்க" என்று கத்தினான். கேட்டவர்கள் பாதித் தெரு. கேட்டதாகச் சொல்கிறவர்கள் மூன்று தெரு.

இன்று மதியம் கபீரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். கொலை முயற்சி. ஆதாரம் பலமாக இருக்க வேண்டும் என்று லத்தீப் சம்பந்தத்தை அமர்த்தியிருந்தார். குற்றவாளி யார் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். அப்படிச் சொல்பவர்களுக்குத் துப்பறிவாளன் எதற்கு என்று சம்பந்தத்துக்கு எப்போதும் புரிந்ததில்லை.

"என்ன சார், டயர் வாக்குமூலம் குடுத்துச்சா?"

சப் இன்ஸ்பெக்டர் சிவநாதன் வந்தார். மனிதருக்கு டயர் என்றால் கறுப்பாக, வட்டமாக இருக்கும் ஒரு சாமான். அதற்குமேல் அதைப் பற்றி அவர் யோசித்ததில்லை. ஆனால் பேசுவார்.

"முப்பத்தாறு சார்! பின் சக்கரத்துல முப்பத்தாறு பாயிண்ட் காத்து. நானே பக்கத்துல நின்னு அளக்க வச்சேன். என் வண்டிக்கெல்லாம் இருபத்தெட்டுதான். இவ்வளவு அடிச்சா டயர் பலூன் ஆயிடாது? வளைவுல ரோட்டைப் பிடிக்கல. பையன் விழுந்துட்டான்."

"கபீர் என்ன சொல்றான்?"

"நான்தான் அடிச்சேங்கிறான். ஒத்துக்கிட்டான்."

சம்பந்தம் சங்கிலிக்குப் பக்கத்தில் இருந்த கறுப்பு இரும்பைக் கைக்குட்டையால் துடைத்தான். விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக்கர் வெளியே வந்தது.

"படிங்க."

சிவநாதன் குனிந்தார். வயிறு இடித்தது. நிமிர்ந்துகொண்டார். "நீங்களே சொல்லுங்களேன்."

"முன்னாடி முப்பத்திரண்டு. பின்னாடி முப்பத்தாறு. வண்டி செஞ்ச கம்பெனி ஒட்டினது. அவங்களையும் உள்ள வைப்பீங்களா?"

"கம்பெனிக்காரன் ஜப்பான்ல உக்காந்துகிட்டு ஆயிரம் சொல்லுவான். நம்ம ஊரைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

"அதானே," என்றாள் உமா. "ஜப்பான் காத்து வேற, காரைக்கால் காத்து வேற. இங்க உப்பு ஜாஸ்தி."

சிவநாதன் தலையாட்டினார். பிறகு, ஆட்டியிருக்க வேண்டுமா என்ற சந்தேகத்துடன் அவளைப் பார்த்தார்.

சம்பந்தம் டயரின் வலது விலாவைத் தொட்டான். கம்பெனியின் பெயர் அங்கே பெரிய எழுத்துகளில் புடைத்திருக்க வேண்டும். இடது பக்கம் அப்படித்தான் இருந்தது. வலது பக்கம் பாதி எழுத்துகள் மழுங்கிப்போய், இடுக்குகளில் தார்ப்பொடி அப்பியிருந்தது.

"இந்த எழுத்து ரோட்டைத் தொடக்கூடாது. வண்டியை எவ்வளவு சாய்ச்சாலும் தொடாது. டயர்ல காத்து இருந்தா."

"விழுந்து தேய்ஞ்சிருக்கும்," என்றார் சிவநாதன்.

"விழுந்தா ஒரு இடத்துல தேயும். இது சுத்தி வரத் தேய்ஞ்சிருக்கு. சக்கரம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே டயர் பக்கவாட்டுல மடங்கி, விலாவால நடந்திருக்கு."

"செருப்பு மடங்கி ஓரத்துல நடக்குற மாதிரி," என்றாள் உமா.

"அதேதான். வண்டி விழுந்தப்போ இதுல முப்பத்தாறு இல்ல. பாதி இருந்திருந்தா ஜாஸ்தி."

"அதெப்படி? நான் அளந்தேனே!"

"என்னிக்கு?"

"நேத்து."

"வண்டி விழுந்தது வெள்ளிக்கிழமை. இங்க எப்படி வந்துச்சு?"

சிவநாதன் ஸ்டேஷன் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். ஏட்டு சின்னப்பிள்ளை சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. இந்த வழக்கில் யாரும் அவரை இதுவரை எதுவும் கேட்டதில்லை.

"குட்டியானை லாரியில ஏத்திக் கொண்டாந்தோங்க. இறக்கி இங்க தள்ளணும்னா நவரவே மாட்டேங்குது. ரெண்டு டயரும் அப்பளமா கிடந்துச்சு. எதிர்த்தாப்ல பஞ்சர் கடையில சொல்லி, டியூபை இழுத்தாரச் சொல்லி காத்து அடிச்சேன். அப்புறம் கும்முனு உருண்டுச்சு."

"எவ்வளவு அடிச்சீங்க?"

"கம்பெனி அளவு எழுதியிருக்கு, அதையே வச்சுட்டேன்னான் கடைக்காரன்."

ஒரு காக்கை கத்தியது.

"அதாவது," என்றாள் உமா, "வெள்ளிக்கிழமை நீங்களே அடிச்சு, ஞாயித்துக்கிழமை நீங்களே அளந்து, ஐயையோ இவ்வளவு இருக்கேன்னு நீங்களே கேஸ் போட்டுட்டீங்க."

சிவநாதன் ஏட்டைப் பார்த்த பார்வையில் சின்னப்பிள்ளையின் பத்து வருட இன்க்ரிமென்ட் எரிந்து போனது.

"எதுவா இருந்தாலும் கபீர் ஒத்துக்கிட்டான்," என்றார் கடைசியில். "புகார் இருக்கு. ரெண்டு மணிக்குக் கோர்ட். அதை மாத்துறதுக்கு எனக்கு டயர் பத்தாது. மனுஷன் வேணும்."

*

கபீர் லாக்கப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். அதைச் சொல்லிக்காட்ட அவனுக்கு வாய்ப்புக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"முப்பத்தாறு அடிச்சது குத்தமாம். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டு இதைக் கேக்க வேண்டியிருக்கு. ஊர்ல பாதிப் பேர் காத்து அளவுன்னா ஜோசியம்னு நினைக்கிறான். பங்க்ல இருக்கிறவன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைக்கிறான், அதை வாங்கிட்டுப் போறான். இவனுங்களுக்கு எதுக்கு பைக்?"

"எப்ப அடிச்சே?"

"வியாழக்கிழமை சாயங்காலம். சங்கிலிக்கு எண்ணெய் போட வந்தான். வண்டி நல்லா ஆறுற வரைக்கும் நிக்க வச்சு அளந்து அடிச்சேன். சூடா இருக்கும்போது அளந்தா மீட்டர் பொய் சொல்லும். அதை எஸ்.ஐ. கிட்டச் சொன்னேன். அப்ப நீதான் அடிச்சேன்னு சொல்லி, நான் ஒத்துக்கிட்டதா எழுதிட்டாரு."

"தௌஹீத் அப்புறமா காத்தைக் குறைச்சிருப்பானா?"

கபீர் சிரித்தான். "ஆசை உண்டு. ரேஸ் வீடியோ பாத்துட்டு வந்து, இருபத்தாறு வைடா, அவங்க அப்படித்தான் வைக்கிறாங்கன்னு நச்சரிப்பான். அவங்க சுத்துற வேகத்துக்கு டயர் கொதிக்கும், கொதிச்சா உள்ள காத்தோட அழுத்தம் ஏறும், அதுக்காகக் குறைச்சு வைக்கிறாங்க. நீ ரொட்டி வாங்கப் போற நாய், உனக்கு எதுக்குடான்னு திட்டித் துரத்திருவேன். அவனா குறைக்கணும்னா வால்வு மூடி எந்தப் பக்கம் திருகும்னு அவனுக்குத் தெரியணும். மீட்டர் கூடக் கிடையாது அவன்கிட்ட."

"வெள்ளிக்கிழமை காலையில உன் கடைக்கு வந்தானா?"

"கடையே திறக்கலையே. வெள்ளிக்கிழமை லீவு."

"லத்தீப் பாய், அவன் வந்தான்கிறார். அப்பதான் நீ காத்து அடிச்சேங்கிறார்."

"அவருக்கு மத்தவன் எல்லாம் மட்டம். என் தங்கச்சியும் மட்டம். டயர் கடைக்காரன் வீட்டுப் பொண்ணாம்." கபீர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தா அவளை வேற எவனும் பொண்ணு கேட்டு வர மாட்டான். அதைச் சொல்லுங்க அவர்கிட்ட. சந்தோஷப்படுவாரு."

*

பெட்ரோல் பங்க்கில் நாகப்பட்டினத்து வண்டிகள் வரிசை கட்டி நின்றன. காரைக்காலில் விலை குறைவு என்று வருகிறவர்கள், சேமித்ததை வழியிலேயே குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள். உமா அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரை ஓட்டினாள்.

"கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க சார். உங்க வெயிட்டுக்கு நானும் முப்பத்தாறு வைக்கணும் போல."

"உமா, உனக்கு ஒருத்தன் மேல பழி போடணும். அவனே வந்து, வியாழக்கிழமை நான்தான் காத்து அடிச்சேங்கிறான். நீ என்ன பண்ணுவே?"

"ஆமா அடிச்சான்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பேன்."

"லத்தீப் பாய் அதை எடுத்துக்க மாட்டேங்கிறார். வியாழக்கிழமை இல்ல, வெள்ளிக்கிழமை காலையில வழியில நிறுத்தித்தான் அடிச்சான்னு என்கிட்டயும் சொன்னார், புகார்லயும் சொல்லியிருக்கார். கடையே மூடியிருந்த நாள். சாட்சி கிடையாது. கையில இருக்கிறதை விட்டுட்டு ஏன் அதைப் பிடிக்கிறார்?"

"பொய்தான், வேற என்ன?"

"பொய் சொல்றவன் சுலபமானதைத்தான் பிடிப்பான். கஷ்டமானதைப் பிடிச்சுக்கிட்டு அடம் பண்றவன் உண்மை பேசுறான்."

உமா பிரேக் போட்டாள். பின்னால் வந்த ஆட்டோக்காரர் அவள் குடும்பத்தை விசாரித்துவிட்டுக் கடந்து போனார்.

"காத்து அடிச்சது ஏட்டுன்னு இப்பதானே பாத்தோம் சார்? அப்புறம் அவர் எங்க உண்மை பேசுறாரு?"

"அவருக்குத் தெரிஞ்சதைப் பேசுறார். ஓட்டு."

*

லத்தீப் வீட்டில் தனியாக இருந்தார். மனைவி மெஹர் பானு ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. லத்தீப் குளித்திருந்தார். லுஹர் என்கிற மதியத் தொழுகையை முடித்துக்கொண்டு திரும்பவும் அங்கே போக இருந்தார். வெள்ளைச் சட்டை. அத்தர் மணம். கண்ணுக்குக் கீழே மூன்று நாள் தூக்கமின்மை. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"வாங்க தம்பி. முடிச்சிட்டீங்களா?"

"இன்னும் ஒண்ணு பாக்கி."

கூடத்துச் சுவரில் பெரிய புகைப்படம். செம்மணல் மேடு ஒன்றின் உச்சியில் ஒரு ஜீப். ஜன்னலில் இளவயது லத்தீப், கறுப்புக் கண்ணாடியுடன். உமா அதன் அருகே போய் நின்றாள்.

"ஏன் பாய், உங்களுக்கு இல்லாத தொப்பை ஜீப்புக்கு இருக்கே?"

சக்கரங்கள் நான்கும் அடியில் பிதுங்கிப் பரந்து கிடந்தன.

லத்தீப் அன்று முதல் முறையாக லேசாகச் சிரித்தார். எதுவும் தெரியாதவர்களைப் பார்த்துத் தெரிந்தவர் சிரிக்கிற சிரிப்பு. "அது தொப்பை இல்லம்மா. மணல்ல இறங்குறதுன்னா காத்தை இறக்கணும். டயர் படுத்துக்கும். படுத்தாத்தான் மணல் தாங்கும், இல்லேன்னா அச்சு வரைக்கும் புதைஞ்சிரும். இருபது வருஷம் வெள்ளைக்காரனை ஏத்திக்கிட்டு அந்த மணல் மேட்டுல ஏறி இறங்கியிருக்கேன். ஒரு தடவை புதைஞ்சதில்ல. புதுசா வர்ற டிரைவர் பயலுவ இறக்காம போவானுவ. நான்தான் கயிறு கட்டி இழுப்பேன்."

"எவ்வளவுக்கு இறக்குவீங்க?" என்றான் சம்பந்தம்.

"பதினெட்டு. மணல் மோசம்னா பதினஞ்சு." அலமாரியிலிருந்து ஒரு பித்தளை மீட்டரை எடுத்துக் காட்டினார். துடைத்துத் துடைத்துப் பளபளத்தது. "சாதாரண மீட்டர் இல்ல. வால்வுல சொருகினா அதுவே இறக்கும், அளவு வந்ததும் நிறுத்திக்கலாம்."

"பைக்குக்கும் அதே அளவா?"

"மேல வர்றது ஜீப்பா பைக்கான்னு மணலுக்குத் தெரியுமா தம்பி?"

உமா வாயைத் திறந்தாள். சம்பந்தம் அவளைப் பார்த்தான். மூடிக்கொண்டாள்.

"தௌஹீத் கடற்கரைக்குப் போறேன்னு எப்ப சொன்னான்?"

"முந்தின நாள் ராத்திரி சோறு திங்கும்போது. மண்டபத்தூர்ல வண்டியை மணல்ல இறக்கிப் படம் எடுக்கணுமாம். காத்தைக் குறைச்சுக்கடான்னேன். 'உங்க ஜீப் வித்தையெல்லாம் துபாயோட விட்டுட்டு வாங்க வாப்பா'ங்கிறான். அவன் உம்மாவும் சேர்ந்து சிரிக்கிறா. இருபது வருஷம் நான் அந்த வித்தையிலதான் இவங்களுக்குச் சோறு போட்டேன்."

"அதனால நீங்களே இறக்கிட்டீங்க."

"ஆமா." லத்தீப் தயங்கவே இல்லை. "விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு வந்தேன். அவன் தூங்கிக்கிட்டு இருந்தான். முன்னாடி பதினெட்டு, பின்னாடி பதினெட்டு. சரியா வச்சேன். அதனாலதான் வெள்ளிக்கிழமைன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறேன். நான் விடும்போது பதினெட்டு. போலீஸ் அளந்தா முப்பத்தாறு. நடுவுல எவன் ஏத்தினான்? கபீரைத் தவிர யாரு இருக்கா?"

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"அந்த எஸ்.ஐ. கிட்டயா? அவன் மணலை வீடு கட்டத்தான் பாத்திருப்பான். அவனுக்கு என்ன புரியும்?"

"ஏத்தினது ஏட்டு சின்னப்பிள்ளை."

"யாரு?"

"வண்டி விழுந்ததுக்கு அப்புறம். ஸ்டேஷன்ல தள்ளுறதுக்காக. எதிர்ல இருக்கிற பஞ்சர் கடையில அடிச்சிருக்காங்க. தௌஹீத் வழியில எங்கயும் நிறுத்தல. கபீர் அன்னிக்கு வண்டியைத் தொடல."

லத்தீப் மீட்டரைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பாய், துபாய்ல காத்தை எங்க இறக்குவீங்க? ஹோட்டல் வாசல்லயா?"

"என்ன பேச்சு இது? பாலைவனத்துக்கு முன்னாடி, தார் ரோடு முடியிற இடத்துல. எல்லா வண்டியும் அங்கதான் நிக்கும்."

"திரும்பி வரும்போது?"

"அதே இடத்துல திரும்ப ஏத்திக்குவோம்."

"ஏன்? அப்படியே ஓட்டிட்டு வந்துடலாமே."

"புத்தி இருக்கிறவன் செய்வானா? பதினெட்டுல தார் ரோட்ல வேகமா வந்தா டயர் மடங்கி, வளைவுல வண்டி..."

வாக்கியம் அங்கே நின்றது.

பள்ளிவாசலில் லுஹர் பாங்கு ஆரம்பித்தது. லத்தீப் எழவில்லை. தான் சொன்ன வாக்கியத்தின் மீதியை எதிர்ச் சுவரில் தேடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். பாங்கு முடிந்தது.

"பக்கத்துலதானே, மெதுவாப் போவான்னு நினைச்சேன்," என்றார்.

"மெதுவாப் போறதுக்கு அந்த வண்டியை யாரும் வாங்குறதில்ல பாய்."

சொன்னதும் அது தேவையில்லாதது என்று சம்பந்தத்துக்குத் தோன்றியது. திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"சரி. புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க விதி, நஸீபுன்னு இருந்துக்கிறோம். இந்தப் பேச்சு இந்தக் கூடத்தைத் தாண்ட வேணாம் தம்பி. என் புள்ளைக்குத் தெரிய வேணாம்."

"வாபஸ் வாங்கினா கபீர் வெளிய வருவான். கொல்லப் பாத்தவனைப் பெரிய மனசு பண்ணி விட்டுட்டாங்கன்னு ஊர் பேசும். அவன் கடைக்கு எவன் டயர் மாத்த வருவான்? ஆஃப்ரினை எவன் பொண்ணு கேட்டு வருவான்? உங்க பேர் மட்டும் பத்திரமா இருக்கும்."

லத்தீப் மீட்டரை அலமாரியில் திரும்ப வைத்தார்.

"ரெண்டு மணிக்கு அவனைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க," என்றாள் உமா. குரலில் கிண்டல் இல்லை. "நான் உங்களை வண்டியில ஏத்திக்கிறேன். சார் ஆட்டோவுல வரட்டும்."

*

சம்பந்தம் போய்ச் சேர்ந்தபோது லத்தீப் சிவநாதனின் மேஜைக்கு முன் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. லாக்கப் கதவுக்கு அந்தப் பக்கம் கபீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"காத்தை இறக்கினது நான்," என்று இன்னொரு முறை சொன்னார் லத்தீப்.

"அதான் என்ன தப்புங்கிறேன்," என்றார் சிவநாதன். "குறைச்சா நல்லதுதானே பாய்? வண்டி மெத்துனு போகும். குலுக்காது. காத்தைக் குறைச்சதுக்கு எவனாவது கேஸ் போடுவானா? நீங்க துக்கத்துல பேசுறீங்க. போய்ப் புள்ளையைப் பாருங்க."

லத்தீப் சம்பந்தத்தைத் திரும்பிப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வைதான். சம்பந்தம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"எந்திரிச்சு வாங்க சார்," என்றார் லத்தீப்.

சிவநாதனைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். வெள்ளை வேட்டி மண்ணில் படப் பைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மழுங்கிய எழுத்துகளின் மேல் விரலை வைத்தார்.

"இதைப் பாருங்க. இது ரோட்டுல படக்கூடாத இடம். பட்டிருக்கு. ஏன்னா உள்ள காத்து இல்ல. வண்டி சாயும்போது டயரைத் தாங்குறது காத்துதான். ரப்பர் இல்ல. நான் பாதியை எடுத்துட்டேன். அப்ப வண்டி ஒரு பக்கம் போகும், டயர் ஒரு பக்கம் போகும்."

"இருந்தாலும் பாய், பையன் வேகமாப் போயிருப்பான்."

"வேகத்துல போறதுக்குத்தான் முப்பத்தாறு வச்சிருந்துச்சு. கபீர் சரியா வச்சிருந்தான்."

"உங்களுக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார். இருபது வருஷமா மத்தவனுக்கு நான்தான் இதைச் சொல்லிக் குடுத்தேன்." குரல் முதல் தடவையாக உடைந்தது. "தார் ரோட்ல இறக்காதேடான்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான். மணலைப் பத்தி மட்டும் யோசிச்சேன். அதுக்கு முன்னாடி ரோடு இருக்குன்னு யோசிக்கல. அவன் என்னைப் பாத்துச் சிரிச்சான்னு கோவம். போதுமா? இன்னும் எப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியும்? என் புள்ளை காலை எடுத்தது நான். கையெழுத்து எங்க போடணும்?"

சிவநாதனுக்குப் புரிந்ததா என்பது தெரியவில்லை. ஆனால் கையெழுத்து என்ற சொல் அவருக்குப் புரிந்தது. ஏட்டைக் கூப்பிட்டுக் காகிதம் கொண்டுவரச் சொன்னார்.

உள்ளே வந்ததும் லத்தீப் பேனாவை வாங்கிக்கொண்டார். ஆனால் எழுதவில்லை.

"அவன் வெளிய வரட்டும். அவன் முன்னாடி போடுறேன்."

சின்னப்பிள்ளை பூட்டைத் திறந்தார். கபீர் வந்து மேஜைக்குப் பக்கவாட்டில் நின்றான். லத்தீப் எழுதுவதை அவன் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். லத்தீப் முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தௌஹீத் எப்படி இருக்கான்?" என்றான் கபீர், வரைபடத்திடம்.

"இன்னும் முழிக்கல. முழிப்பான்னு டாக்டர் சொல்றாங்க. கால் போயிடுச்சு."

"எந்தக் கால்?"

"வலது."

கபீர் வாசல் பக்கம் நடந்தான். படியில் நின்றான்.

"பைக்ல பின் பிரேக் அந்தக் கால்லதான். கைக்கு மாத்திரலாம். நான் பண்ணித் தர்றேன்."

லத்தீபுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அத்தனை நேரம் உட்காராத நாற்காலியில் உட்கார்ந்தார்.

கபீர் திரும்பாமலே சொன்னான்:

"காத்து மட்டும் நீங்க பாக்காதீங்க."